சேர்வர் போட்டுத் தாறன் எண்டு வாறவையிட்ட கவனம்

உப்புவெளியில அஞ்சு ரூம் கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிறன். எங்கட சீசன் மே தொடங்கி செப்டம்பர் மட்டும்தான், அதுக்குள்ள வாற புக்கிங்தான் வருசம் முழுக்கச் சாப்பாடு. போன மார்ச்சில திருமலை டவுனுக்க கடை வச்சிருக்கிற ஒருத்தர் "அண்ணை, ஜிமெயில்ல பதில் போட்டா வெள்ளைக்காரர் நம்பமாட்டினம், சொந்தமா டொமைன் (இணையப் பேர்) எடுத்து மெயில் சேர்வரும் போட்டுத் தாறன்" எண்டு வந்தார். 45,000 ரூபாய். முழுக்காசையும் முதலே குடுத்தது என்ர மடத்தனம்.

ரெண்டு கிழமை நல்லா ஓடிச்சு. பிறகு நான் போடுற பதில் ஒண்டும் போய்ச் சேரேல்ல, ஒரு ஜேர்மன் குடும்பம் நிலாவெளியில ரூம் எடுத்திட்டுது. திரும்பி வந்த மெயிலப் பார்த்தா எங்கட ஐபி (சேர்வரிட இன்டர்நெட் விலாசம்) ஸ்பாம்ஹவுஸ் எண்ட, குப்பை மெயில் அனுப்புறவைய அடையாளம் காட்டுற லிஸ்டில கிடக்காம். அவருக்கு அடிச்சா "டிஎன்எஸ், அதான் டொமைனிட விலாசப் பதிவு, செட்டாகுது அண்ணை, ரெண்டு நாள் பொறுங்கோ". அதுக்குப் பிறகு போனே எடுக்கேல்ல.

கடைசியில கொழும்பில ஐடி வேலை செய்யிற மருமகன் வந்து போஸ்ட்பிக்ஸ் எண்ட மெயில் சேர்வர் சொப்ட்வெயாரிட செட்டிங்கத் திறந்து பார்த்தான். எந்த மெசினுகள நம்பி மெயில் அனுப்ப விடலாம் எண்டு சொல்லுற மைநெட்வேர்க்ஸ் எண்ட இடத்தில அந்த மெசினுக்கு மட்டும் 127.0.0.0/8 எண்டு இருக்கவேண்டியது, இந்த மனிசன் 0.0.0.0/0 போட்டு வச்சிருக்கு, அதாவது உலகத்தில எவனும் எங்கட சேர்வருக்கால ஆருக்கும் மெயில் அனுப்பலாம், அனுப்பியும் இருக்கிறாங்கள், அனுப்பக் காத்துக்கிடக்கிற மெயில் கியூ முழுக்க மருந்து விளம்பரம். மெயில் உண்மையா எங்கட டொமைனில இருந்துதான் வந்தது எண்டு காட்டுற எஸ்பிஎப், டிகேஐஎம் ரெண்டும் இல்ல. 2024 பெப்ரவரியில இருந்து ஜிமெயிலுக்கு அனுப்புற ஆருக்கும் அதில ஒண்டாவது வேணுமாம்.

சரி, தெரியாம செய்திட்டார் எண்டு விடலாம். ஆனா அதுக்குக் கீழ 'ஆல்வேய்ஸ் பிசிசி' எண்டு ஒரு வரி, அதில அவற்ற சொந்த ஜிமெயில். வாற போற ஒவ்வொரு மெயிலும் ஒரு கொப்பி அவருக்கு. ஆக்கள் அனுப்பின பாஸ்போட் படம் உட்பட! அந்த ஜேர்மன் ஆக்கள் எப்பிடி நிலாவெளிக்குப் போச்சினம் எண்டு இப்பதான் யோசிக்கிறன்.

இப்ப எங்கட மெயில் எந்த சேர்வருக்கு வரோணும் எண்டு சொல்லுற எம்எக்ஸ் றெக்கோட்ட மாத்தி மாசக்காசு கட்டுற சேர்விஸ் ஒண்டுக்குத் திருப்பியாச்சு. ஆரும் இவரப்போல ஒருத்தரிட்ட வேலை குடுத்திருந்தா, தெரிஞ்ச பெடியன் ஒருத்தனக் கூப்பிட்டு சேர்வரில 'போஸ்ட்கொன்ப் -என்' (postconf -n) அடிக்கச் சொல்லுங்கோ, மாத்தி வச்ச செட்டிங் எல்லாம் அப்பிடியே வரும், பிசிசி எண்டு எங்கயும் கிடக்கோ எண்டு பாருங்கோ. டொமைன் ஆற்ற பேரில எண்டும் கேளுங்கோ. என்ர டொமைன் இன்னும் அவற்ற பேரிலதான், வாற மார்ச்சில றினியூ பண்ணோணும்.