சந்தேகம் வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைப் பற்றி, மட்டக்களப்பின் காத்தான்குடியில் அவரது ஊர்க்காரர்களே முன்பே முறைப்பாடு செய்திருந்தார்கள். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் சூபி முஸ்லிம்களுடன் மோதல் நடந்தபின் ஆள் தலைமறைவானார். ஆனால் பேச்சுகள் இணையத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 2018 நவம்பர் 30 அன்று வவுணதீவில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டபோது சந்தேகம் முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர்மேல் விழுந்தது. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான் அது சஹ்ரான் குழுவின் வேலை என்று தெரிந்து, பிடித்து வைத்திருந்த அந்த முன்னாள் உறுப்பினரை விட்டார்கள். ஆகவே மட்டக்களப்பில் தகவலுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. வந்த தகவலை என்ன செய்வது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

நமக்குப் பழக்கமான வழி சட்டம். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், தடுப்பு உத்தரவு, கொழும்பில் குற்றப் புலனாய்வினர் விசாரிக்கும் நாலாம் மாடி. குண்டு தயாராகிவிட்டால் இதைத் தவிர வேறு வழியும் இல்லை. தாக்குதலுக்குப் பின் சஹ்ரானின் குடும்பத்தினர் குண்டுகளோடு ஒளிந்திருந்த சாய்ந்தமருது வீட்டுக்கு யாரும் ஆலோசகரை அனுப்பியிருக்க முடியாது. ஆனால் அதற்கு முந்தைய கட்டத்தில் இது குருடு. 2019 ஏப்ரல் கடைசியில் முகத்தை மூடும் உடையைத் தடை செய்தார்கள். உடை கண்ணுக்குத் தெரியும், திட்டம் தெரியாது. 2021 மே 18இல் கிரான் கடற்கரையில் போரில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் செய்த பத்துப் பேரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில்தான் உள்ளே போனார்கள். இப்படியிருக்க, மகனின் போக்கு மாறியதைக் கவனிக்கிற தாய் பொலிஸ் நிலையப் படியேறுவாரா?

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரம் வேறு வழி எடுத்தது. பொலிஸும் நகரசபையும் சேர்ந்து தகவலைக் கேட்கின்றன. குற்றம் செய்திராத இளைஞனுக்கு வழிகாட்டி ஒருவர், படிப்பு, வேலை, குடும்பத்துக்கு ஆதரவு. குற்றம் செய்தவனுக்கு வழக்கு. 2013 வரை அங்கிருந்து முப்பது பேரளவில் சிரியப் போருக்குப் போனார்கள், அப்புறம் அது சில பேராகக் குறைந்தது. திட்டம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பாடசாலை, சமூகசேவை, பொலிஸ் மூன்றும் கூடிப் பேசும் பழக்கம் அங்கே 1970களிலிருந்தே உண்டு. அந்த அடித்தளத்தை இறக்குமதி செய்ய முடியாது.

பிரித்தானியா நடுவில் நிற்கிறது. 2015இலிருந்து ஆட்கள் பயங்கரவாதத்துக்குள் இழுபடாமல் தடுப்பதில் கவனம் செலுத்தும் சட்டக் கடமை பாடசாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் உண்டு; சந்தேகம் வந்தால் அறிவிப்பது அதன் நடைமுறை. அதன்பின் வரும் உதவித் திட்டம் சம்மதத்தோடுதான். கடமையையும் சம்மதத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்ததால், 'எங்களைத்தான் வேவு பார்க்கிறார்கள்' என்ற குறை அங்குள்ள முஸ்லிம்களிடம் நெடுநாளாக இருக்கிறது.

நம் அரசோ 2021 மார்ச்சில் தீவிரவாதச் சந்தேகத்தில் பிடிபட்டவர்களுக்குப் புனர்வாழ்வை வழக்கு விசாரணை இல்லாமலே கட்டாயமாக்கப் பார்த்தது. 2009க்குப் பின் பன்னிரண்டாயிரம் பேரளவில் முன்னாள் போராளிகளை நடத்திய முறையே மாதிரி. அந்த ஒழுங்குவிதிகளை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் இடைநிறுத்தியது. நல்ல காலம். திருந்தினேன் என்று சொன்னால்தான் விடுவார்கள் என்றால் எவனும் சொல்வான்.

சிறையிலும் இதே இழுபறி. நெதர்லாந்து 2006இலிருந்து பயங்கரவாதக் கைதிகளைத் தனிப் பிரிவில் ஒன்றாக வைக்கிறது. மற்றக் கைதிகளோடு கலந்து வைத்தால் ஆள் சேர்ப்பார்கள் என்பது பயம். பிரான்ஸும் அப்படிக் கூட்டி வைத்தது. 2016இல் ஒஸ்னி சிறையின் அத்தகைய பிரிவிலேயே காவலர்கள் தாக்கப்பட்டார்கள். பிரித்தானியா மற்றக் கைதிகளுக்குத் தீவிரவாதம் போதிப்பவர்கள் சிலரை மட்டும் பிரிக்கிறது. அங்கேயும் சிறைத் திட்டத்தை முடித்து வெளியே வந்த ஒருவர் 2019 நவம்பரில் லண்டன் பாலத்தருகே இருவரைக் கொன்றார்.

எனக்குப் பிரித்தானியரின் அளவுகோல் பிடிக்கிறது: போதிப்பவரைப் பிரி, மற்றவரைக் கலந்து வை. ஆனால் நெரிசலான விளக்கமறியலில் யார் எவர் அருகில் படுக்கிறார் என்பதை இடவசதிதான் தீர்மானிக்கும். முகநூல் பதிவுக்காகப் பிடிபட்ட பையனையும் உண்மையான ஆபத்தான ஆளையும் ஒரே சட்டத்தில், ஒரே கூடத்தில் மாதக்கணக்கில் வைப்பதை நிறுத்துவது எந்தப் புனர்வாழ்வுத் திட்டத்தையும் விட மலிவு. வெளியே, ஆர்ஹூஸ் முறையைப் பாதியாவது பரீட்சிக்கலாம்: முதல் பேச்சு பிரதேச செயலகத்தின் சமூகசேவை உத்தியோகத்தரிடம், பொலிஸுக்குப் போவது ஆயுதமோ திட்டமோ தெரிந்தால் மட்டும், எந்தக் கட்டத்தில் போகும் என்பதைத் தாய்க்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு.