ரிக்கெட்ஸ்: தினச்சொட்டா, மொத்த டோஸா?

வளரும் பிள்ளையின் எலும்பு இறுகாமல் மெத்தென்று போவதுதான் ரிக்கெட்ஸ். அதற்கு வைட்டமின் டி மருந்தைத் தினமும் சொட்டாகக் கொடுப்பதா, ஒரே தடவையில் மொத்தமாகக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. முதலில் ஒன்று: கால் வளைந்திருப்பதை மட்டும் வைத்து ரிக்கெட்ஸ் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வயதுக்குள் கால் வில்லாக இருப்பதும், மூன்று நான்கு வயதில் முட்டி தட்டுவதும் பெரும்பாலும் இயல்புதான். மணிக்கட்டைத் தொட்டுப் பாருங்கள். வளையலை உள்ளே வைத்துத் தைத்தது போல எலும்பு பருத்திருந்தால் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் தேவை. நீண்ட எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு, குருத்தெலும்பு. கால்சியமும் பாஸ்பரஸும் படிந்தால்தான் அது எலும்பாக இறுகும். அவை படியாவிட்டால் குருத்தெலும்பு பெருத்துக்கொண்டே போகும். நடக்க ஆரம்பித்ததும் உடம்பின் பாரத்தில் கால் வளையும்.

குடல் கால்சியத்தை உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். அதன் குறைவால் வந்தது என்று உறுதியான பிறகு இரண்டு வழிகள் உண்டு. 2016-இல் வெளிவந்த உலக ஒருமித்த பரிந்துரைப்படி, தினசரி என்றால் ஒரு வயதுக்குள் 2000 யூனிட், ஒன்று முதல் பன்னிரண்டு வயது வரை 3000 முதல் 6000 யூனிட், குறைந்தது 90 நாள். ஒரே தடவையில் கொடுக்கும் மொத்த டோஸ் என்றால் மூன்று மாதம் முதல் ஒரு வயது வரை 50,000, அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை 1,50,000. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மொத்த டோஸ் கூடாது. வாரம் ஒரு 60,000 என்று எழுதிக்கொடுக்கும் மருத்துவர்களும் உண்டு.

என் சாய்வு தினசரி மருந்தின் பக்கம்தான். காரணம் மருந்தின் வீரியமில்லை, அளவு. மருந்துக்கடையில் மில்லிக்கு 400 யூனிட் சொட்டும் இருக்கிறது, 800 யூனிட் சொட்டும் இருக்கிறது. அதே அலமாரியில் 5 மில்லிக்கு 60,000 யூனிட் உள்ள குட்டிப் பாட்டிலும் நிற்கிறது. அது மில்லிக்கு 12,000. அதைத் தினச்சொட்டு என்று நினைத்துத் தினமும் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், சாப்பிட மறுப்பது, சோர்ந்து கிடப்பது என்று தெரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தினச்சொட்டில் ஒருநாள் அளவு கொஞ்சம் பிசகினாலும் இந்த ஆபத்து வராது.

இந்த வழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 3000 யூனிட்டுக்கு, மில்லிக்கு 800 யூனிட் உள்ள சொட்டில் 3.75 மில்லி வேண்டும். 30 மில்லி பாட்டில் எட்டே நாளில் காலி. 90 நாளுக்கு 12 பாட்டில். ஒரு பாட்டில் முடிந்ததும் ‘மருந்து முடிந்துவிட்டது’ என்று நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே முதல் நாளே எத்தனை பாட்டில் என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மென்று விழுங்கத் தெரிந்த பிள்ளைக்கு 1000 யூனிட் மாத்திரை மூன்று மலிவாகவே முடியும்.

நடவு நாளில் அம்மா விடியுமுன் வயலுக்குப் போய்விடுவார். மருந்து கொடுப்பது அப்பாயிதான். அவருக்கு எழுத்தைவிட அடையாளம் உதவும். ஊசி இல்லாத சிரிஞ்சில் 3.75 மில்லி அளவில் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு. தினசரி காலண்டர் தாளைக் கிழிப்பதே மருந்து கொடுத்த பிறகுதான் என்று வைத்துக்கொண்டால் எந்த நாளும் விட்டுப்போகாது.

வீட்டில் தினமும் கொடுக்கவே ஆளில்லை என்றால் மொத்த டோஸ் நியாயமானது. செவிலியர் கண்ணெதிரே கொடுத்துவிடலாம். வைட்டமின் டி தூள் பாக்கெட் ஒன்று 60,000 யூனிட் என்பதால் ஒன்றரை லட்சத்துக்கு இரண்டரை பாக்கெட். அந்த அரை பாக்கெட்டை வீட்டில் கண்மதிப்பாகப் பிரிக்கக் கூடாது. மொத்த டோஸில் இன்னொரு நன்மையும் உண்டு. குணம் தெரியாவிட்டால் ‘மருந்தை விட்டுவிட்டார்களோ’ என்ற கேள்விக்கே இடமில்லை.

வைட்டமின் டி ஊசி, குடல் மருந்தை உறிஞ்சாத குழந்தைக்கு மட்டும். வெயில், நோய் வருமுன் காக்கும்; வந்த நோய்க்கு அது மட்டும் போதாது. எண்ணெய் தேய்த்து நீவுவதாலோ கட்டை வைத்துக் கட்டுவதாலோ எலும்பு இறுகாது.

எந்த வழியானாலும் கூடவே தினம் 500 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். சோறும் ரசமும் மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கு இது கிடைப்பதில்லை; அரிசியில் கால்சியம் சொற்பம். பால் 400 மில்லி ஏறக்குறைய அந்த அளவைத் தந்துவிடும். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, முள்ளோடு அரைத்த நெத்திலிக் கருவாடு எல்லாம் துணை. மாத்திரை வாங்கினால் அட்டையைப் படியுங்கள்: கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராமில்தான் 500 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும்.

நாலு வாரம் கழித்து மணிக்கட்டு எக்ஸ்ரேயில், மங்கிக் கிடந்த எலும்பு நுனியில் சுண்ணாம்பால் இழுத்தது போல ஒரு வெள்ளைக் கோடு தெரிய ஆரம்பிக்கும். மூன்று மாதத்திலும் அது வரவில்லையென்றால் டோஸை ஏற்றிக்கொண்டே போவது தவறு. பாஸ்பரஸ் சிறுநீரில் ஒழுகுகிறதா, சிறுநீரகத்தில் கோளாறா என்று பார்க்க வேண்டும். பரம்பரையாக வரும் பாஸ்பரஸ் குறைவு ரிக்கெட்ஸுக்குத் தினச்சொட்டும் கேட்காது, மொத்த டோஸும் கேட்காது.

வளைந்த காலுக்கு அவசரமாக அறுவைசிகிச்சை தேடாதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு எலும்பு இறுகியபின் ஒன்றிரண்டு வருடத்தில் கால் தானாகவே பெருமளவு நிமிரும். நிற்கவைத்து, பாதங்களைச் சேர்த்து, முட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை டேப்பால் அளந்து, மருந்துச் சீட்டின் பின்னால் தேதியோடு எழுதி வாருங்கள்.