சேலம் வெயிலுக்கு ஷெல்டர் நாயா, காசு கொடுத்து வாங்குற குட்டியா?

வீட்டுல நாய் வேணும்னு பேச்சு வந்தப்ப மூணு வழி இருந்துச்சு. பிரீடர்கிட்ட, அதாவது இன நாய் குட்டி போட வெச்சு விக்கிறவர்கிட்ட லேப் (லாப்ரடார்) குட்டி, பையன் அடம்புடிச்ச ஹஸ்கி, இல்லாட்டி ஷெல்டர்ல மீட்டு வெச்சிருக்குற வளந்த நாட்டு நாய். நாங்க எடுத்தது மூணாவதுதாங்க, அதனால இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும், முன்னாடியே சொல்லிடுறேன்.

விலை பத்தி பேச பெருசா ஒண்ணுமில்ல, எது கம்மின்னு எல்லாருக்கும் தெரியும். குட்டிதான் வேணும்னா ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க: 2017ல வந்த ரூல்ஸ்படி பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணிருக்கணும், 8 வாரம் ஆகாத குட்டிய விக்கக் கூடாது. நான் இதக் கேட்டதும் ஒருத்தரு பேச்ச மாத்தி, கலர் எப்படி இருக்கு பாருங்கன்னு ஆரம்பிச்சுட்டாரு.

எனக்கு முடிவு பண்ணிக் கொடுத்தது பராமரிப்பு, அதுலயும் வெயிலும் எடையும். சேர்வராயன், கஞ்சமலை, ஜருகுமலைன்னு சுத்தி மலை நிக்குற ஊரு நம்மது, சித்திரையில 40 டிகிரி சாதாரணமா தாண்டும். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்துல லேசா வேர்க்கும், மத்தபடி நாக்கத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளிய தள்ளணும். ஹஸ்கிக்கு சைபீரியா குளிருக்கு வந்த ரெண்டு அடுக்கு முடி, அத மொட்ட அடிச்சு விட்டாலும் சரிவராது, தோலுல நேரா வெயில் அடிக்கும். அப்ப பகல் முழுக்க ஏசி, கரண்ட் போனா நாய கட்டிப்புடிச்சுட்டு ஈரத்துணியோட உக்காரணும். லேப் பரவால்ல, ஆனா அதுக்கும் ரெண்டு அடுக்குதான், கொஞ்சம் தின்ன விட்டா 35 கிலோவுக்கு மேல போயிரும், இடுப்பு மூட்டு பிரச்சனையும் அந்த இனத்துல சகஜம்.

எடைய ஏன் இழுக்குறேன்னா, உண்ணி மாத்திரையே எடை பாத்துதான், கிலோ ஏற ஏற விலையும் ஏறும், பூச்சி மருந்து, சாப்பாடு எல்லாமே அப்படித்தான். வளந்த ஷெல்டர் நாய்ல இது எவ்ளோன்னு எடுக்கும்போதே தெரிஞ்சுரும், எங்களோடது 17 கிலோ, இனி பெருசா ஏறாது. உண்ணி எல்லா நாய்க்கும் வரும், காய்ச்சல் வந்து பிளேட்லெட் எறங்குனா எந்த நாயும் படுத்துரும், ஆனா குட்ட முடியில கைய ஓட்டுனாலே உண்ணி மாட்டும், லேபோட அடி முடிக்குள்ள காது மடிப்புல தேடித் தேடி எடுக்கணும், அக்கா வீட்டுல பாத்திருக்கேன்.

ஏற்காட்டுல இருக்குறவங்களுக்கு என் வெயில் கணக்கு அவ்ளோ செல்லாது. சுமார் 1500 மீட்டர் உசரம், ஹஸ்கி கூட தாங்கலாம். மேல நாய் வளத்த அனுபவம் எனக்கில்ல. ஆனா பெருசா ஏதாச்சும் வைத்தியம்னா 20 ஹேர்பின் வளைவு எறங்கி சேலத்துக்கு வரணும், அதையும் கணக்குல வெச்சுக்கங்க.

ஷெல்டர் நாய்லயும் தலவலி இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். முன்னாடி என்ன பட்டுச்சோ நமக்குத் தெரியாது, எங்களோடது தொடப்பத்த எடுத்தாலே கட்டிலுக்கு அடியில போயிரும், ஆரம்பத்துல தயிர் சோறு வெச்சா நாங்க நகர்ந்தப்புறம்தான் வந்து தின்னும். நாலஞ்சு வயசுக் குழந்தை இருக்குற வீட்டுக்கு ஒத்து வருமான்னு அடிச்சு சொல்ல மாட்டேன், எங்க பையன் பத்தாவது படிக்கிறான். குட்டியா இருந்தா நம்ம கையிலயே வளரும்ங்கறது உண்மைதான், ஆனா குட்டிங்கள சாகடிக்கிற பார்வோ வைரஸ் பயம், 6 வாரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துக்கு ஒரு ஊசின்னு குட்டிக்கு நாலு மாசம் ஆகுற வரைக்கும் ஓடும், நடுவுல தெருவுல இறக்கவும் கூடாது.

ஷெல்டருக்குப் போனா ஊசி கார்டு கேளுங்க, ரேபிஸ் தேதி பாருங்க, கருத்தடை ஆயிருச்சான்னு கேளுங்க. தெருவுலருந்து புடிச்சு ஆபரேஷன் பண்ண நாய்னா பெரும்பாலும் காது நுனியில வெட்டு இருக்கும். கயித்தப் போட்டு வெளிய நடத்திப் பாருங்க, கூண்டுக்குள்ள குலைக்குறத வெச்சு முடிவு பண்ணாதீங்க. எடுக்கறத தீபாவளி முடிஞ்சு வெச்சுக்கங்க, புது வீடும் வெடிச் சத்தமும் ஒண்ணா வந்தா கேட்ட தாண்டி ஓடிரும். தை மாசம் எடுத்தீங்கன்னா வெயில் ஏறுறதுக்குள்ள எந்த மூலை குளுகுளுன்னு இருக்குன்னு அதுவே கண்டுபுடிச்சு வெச்சுக்கும்.