விடுதியின் பெயரைச் சொன்னால் தேடித் தராத திருத்த வரலாறு

கிண்ணியாவில் அரிசி ஆலை வைத்திருக்கும் நண்பர் கேட்டிருந்தார்: "தம்பி, கொப்பியை மூடிவிட்டு நானும் இணைய விரிதாளுக்கு மாறட்டுமா? நீங்கள் நெடுநாளாகப் பாவிக்கிறீர்களே." அவர் கேட்ட நேரம் நல்ல நேரமில்லை.

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகுகளின் முறைக் கணக்கை, மின்னஞ்சல் கணக்கோடு இலவசமாகக் கிடைக்கும் கூகுள் விரிதாளில்தான் (Google Sheets) வைத்திருக்கிறோம். திகதி, படகு, விடுதி, ஆட்கள், முற்பணம். படகுக்காரர், விடுதிக்காரர் எல்லாரும் அதில் எழுதுவார்கள்.

அதன் நல்ல குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கலத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தித் திருத்த வரலாற்றைக் கேட்டால், யார், எப்போது, எதை எதுவாக மாற்றினார் என்று சிறு பெட்டி விரிகிறது. 5,000 என்றிருந்த முற்பணம் 15,000 ஆகிவிட்டது என்று இரண்டு பேர் கரையில் குரலை உயர்த்தியபோது அந்தப் பெட்டியைத்தான் திறந்து காட்டினேன். மாற்றியவர் அவர்களில் ஒருவரின் மகன். மீதிப் பணம் கைக்கு வந்த அன்று சரியாகவே திருத்தியிருக்கிறார். பேச்சு அங்கேயே அடங்கியது. கொப்பியில் அடித்தெழுதியிருந்தால் அன்று பகைதான் மிஞ்சியிருக்கும்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். போயா விடுமுறைக்கு இரண்டு படகு சொல்லிவைத்தோம் என்கிறது உப்புவெளியில் ஒரு விடுதி. விரிதாளில் அப்படி ஒரு நிரையே இல்லை. யாரோ அழித்திருக்கிறார்கள். கலத்தின் வரலாறு நிரைகளைச் சேர்ப்பதையும் நீக்குவதையும் காட்டாது. கலமே போய்விட்ட பிறகு எதன்மேல் அழுத்துவது? மிஞ்சுவது பதிப்பு வரலாறு, அதாவது முழு விரிதாளின் பழைய நிலைகளின் பட்டியல். அங்கே இருப்பதெல்லாம் நாளும் நேரமும், தொட்டவர்களின் பெயர்களும். விடுதியின் பெயரை எழுதி, அது எப்போது வந்தது, எப்போது மறைந்தது என்று கேட்க ஒரு பெட்டி கிடையாது. என்னிடம் இருப்பது பெயர்; அது கேட்பது நேரம். நேரம் தெரிந்தால் நான் ஏன் தேடப் போகிறேன்? எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் ஏற்க மறுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பட்டியலின் நடுவில் ஒரு பதிப்பைத் திறந்து, நிரை இருந்தால் அதற்குப் பிந்திய பாதி, இல்லாவிட்டால் முந்திய பாதி என்று பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போனால்தான் சீக்கிரம் அகப்படும். பருவகாலத்தில் ஒரே நாளில் பலர் எழுதுவதால், ஒவ்வொரு நாளையும் விரித்தும் பார்க்க வேண்டும். நிரை அகப்பட்டது. வெற்று நிரைகளை நீக்கிய யாரோ அதையும் சேர்த்து நீக்கியிருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

முக்கியமான பதிப்புகளுக்குப் பெயர் வைக்கலாம், பெயர் உள்ளவற்றை மட்டும் பிரித்தும் பார்க்கலாம். ஆனால் ஒரு விரிதாளுக்கு 15 பெயர்தான். வாரத்துக்கு ஒன்று என்றால்கூட எங்கள் பருவம் முடியுமுன் தீர்ந்துவிடும். கோப்பைப் பிரதி எடுத்தால் பழைய வரலாறு கூட வராது என்பதையும் நினைவில் வையுங்கள். மைக்ரோசொப்ட் எக்செலில் மாற்றங்களைக் காட்டும் பலகம் நீக்கியதையும் பட்டியலிடுகிறது, குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் வடிகட்டியும் தருகிறது. அது இதைவிட மேல். ஆனால் 60 நாள் வரைதான். முற்பணத் தகராறு பருவம் முடிந்து வாடைக்காற்று தொடங்கிய பிறகுதான் கிளம்பும்.

நண்பருக்கு, "கொப்பியை மூடாதீர்கள்" என்றே பதில் எழுதினேன். அந்தப் பதிலை மாற்றப்போவதில்லை. எங்கள் படகு முறை விரிதாளிலேயே தொடரும். 'ரத்து' என்று புதிதாக ஒரு நிரல் போட்டிருக்கிறேன். இனி யாரும் நிரையை நீக்கக் கூடாது, அதில் குறித்தால் போதும்.