முதல் கியர் மேலேயா, கீழேயா? நெல்லைச் சாலைகளுக்கு ஏற்றது எது?

பல்சரிலும் ஆர்15-இலும் முதல் கியருக்கு லீவரைக் கீழே மிதிக்கிறோம். அடுத்தடுத்த கியர்களுக்குக் கால்விரலால் மேலே தூக்குகிறோம். பந்தய வண்டிகள் பலவற்றில் இது தலைகீழ். முதல் கியர் மட்டும் மேலே, மற்றவை எல்லாம் கீழே. சாலையில் ஓட்டும் நம் வண்டியையும் இப்படி மாற்றிக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி.

பந்தயக்காரர்களுக்கு இதற்கு உண்மையான தேவை இருக்கிறது. இடப்பக்கம் படுத்தபடி வளைவிலிருந்து வெளியேறும்போது லீவருக்கு அடியில் காலை நுழைக்க இடம் இருக்காது. மேலிருந்து மிதிக்கத்தான் முடியும். நமக்கு அந்தத் தேவை இல்லை. பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் வளைவுகளில் அவ்வளவு சாய்த்து ஓட்டுவதே தவறு. எதிரே பேருந்து வரும் மலைச்சாலை அது. நாங்குநேரி, வள்ளியூர் வழியாகப் போகும் நான்குவழிச் சாலையிலோ கியர் மாற்றும் வேலையே குறைவு. ஆகவே, வேகத்துக்காக மாற்றுகிறேன் என்பவர்களின் வாதத்தை நான் ஏற்கவில்லை.

ஆனால் இன்னொரு காரணம் இருக்கிறது. அதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். நம் வீடுகளில் அப்பாவின் ஸ்பிளெண்டர் நிற்கிறது. அதில் நான்கு கியரும் முன்னால் மிதித்தே விழும். பழைய வலக்கால் கியர் புல்லட்டிலும் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. கீழே மிதித்தால் கியர் ஏறும் என்பது இங்கே பல கால்களுக்கு ஏற்கெனவே பழகிய பாடம். காலையில் ஸ்பிளெண்டரில் வயலுக்குப் போய்விட்டு, மாலையில் ஆர்15-இல் நெல்லைச் சந்திப்புப் பக்கம் போகிறவருக்குத்தான் இன்றைய வழக்கமான முறை குழப்பம் தரும்.

அந்தக் குழப்பத்தின் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. பிரேக் பிடித்துக்கொண்டு கியரைக் குறைக்க நினைத்தவர் தவறிக் கூட்டிவிட்டால், எஞ்சின் இழுத்துப் பிடிப்பது குறையும், அவ்வளவுதான். எஞ்சின் உச்சத்தில் இரையும்போது கூட்ட நினைத்தவர் தவறிக் குறைத்துவிட்டால், பின்சக்கரம் சட்டென்று பிடித்துச் சறுக்கும். சாரல் நனைத்த சாலையில் அது விழுவதற்கே சமம். சட்டென்று கியரைக் குறைக்கும்போது பின்சக்கரத்துக்கு வரும் இழுப்பைத் தளர்த்தும் ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள வண்டியில் அதிர்ச்சி சற்றுக் குறையும். எஞ்சின் அளவுமீறிச் சுழலும் அபாயம் அப்போதும் இருக்கும்.

என் தீர்ப்பு இதுதான்: வீட்டில் இருக்கும் வண்டிகள் எல்லாம் கால் அசைவில் ஒத்துப்போக வேண்டும். தினமும் ஸ்பிளெண்டரும் ஓட்டுகிறவர் ஆர்15-ஐத் தலைகீழாக்கிக்கொள்வது நியாயம். வீட்டில் இருப்பவை எல்லாம் ஒன்று கீழே, மற்றவை மேலே என்ற வகையென்றால் தொடவே வேண்டாம்.

மாற்றுவது பெரிய வேலை அல்ல. லீவரையும் கியர் தண்டையும் ஒரு இணைப்புக் கம்பி சேர்க்கும் வண்டிகளில், தண்டின் மேலுள்ள சிறு கையைக் கழற்றி எதிர்ப்பக்கம் திருப்பி மாட்டினால் போதும். அது எதிலாவது இடிக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். லீவர் நேராகத் தண்டிலேயே மாட்டியிருந்தால் இந்த வழி கிடையாது. குயிக்‌ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் கருவி) இருந்தால், அதன் சென்சார் புதிய திசைக்கு ஒத்துவருமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழகும் நாட்களில் எஞ்சினை இரையவிடாமல் சீக்கிரமே கியரைக் கூட்டுங்கள். குறைந்த சுழற்சியில் தவறு நடந்தாலும் வண்டி ஒரு குலுக்கலோடு விட்டுவிடும். அதிகம் தடுமாறப்போவது நிற்கும்போதுதான். வண்ணார்பேட்டை நெரிசலில் நிற்கும்போது, கடைசிவரை மிதித்தால் முதல் கியர் என்ற பழைய நினைப்பில் கால் போகும். வண்டியோ மேல் கியரில் நிற்கும். கிளட்சை விட்டதும் அணைந்துவிடும், பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கும். அதனால் விடியற்காலைக் காலிச் சாலையில் நிறுத்திக் கிளப்புவதையே திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். ஓடுவதைவிட நிற்பதற்குத்தான் பயிற்சி தேவை.

சர்வீஸுக்கு விடும்போது சாவியைக் கொடுக்கும் கையோடு கியர் மாறியிருப்பதையும் சொல்லிவிடுங்கள். ஓட்டிப் பார்க்க எடுக்கும் பையனுக்கு அது தெரிந்திருக்காது.