லாஸ்லெஸ் இசை: சந்தா கட்டுவதற்கு முன் உங்கள் கணினியைப் பாருங்கள்

2025 செப்டம்பரில் ஸ்பாட்டிஃபை ஒருவழியாக லாஸ்லெஸ்ஸை, அதாவது எதையும் வெட்டாமல் பாட்டை அனுப்பும் தரத்தை, கொண்டுவந்தது. 2021 பிப்ரவரியில் 'ஹைஃபை' என்ற பெயரில் அறிவித்துவிட்டு நாலரை வருஷம் இழுத்தடித்த சமாச்சாரம். ஆப்பிள் மியூசிக், அமேசான் மியூசிக், டைடல், கோபஸ், டீசர் எல்லாம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இனி எதை எடுத்தாலும் ஒன்றுதானே என்று தோன்றலாம். கைப்பேசியில் மட்டும் கேட்பவருக்கு ஏறக்குறைய அப்படித்தான். கணினியில் கேட்பவருக்கு அப்படியில்லை. அதே சந்தா, அதே பாட்டு, ஆனால் மேக்கில் ஒரு மாதிரி, விண்டோஸில் ஒரு மாதிரி வந்து சேரும். லினக்ஸில் பல சமயம் வந்தே சேராது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சிடி தரம் என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு 1,411 கிலோபிட். ஃப்ளாக், ஆப்பிளின் அலாக் போன்ற வடிவங்கள் இதை ஏறக்குறைய பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் சுருக்கும். திரும்ப விரிக்கும்போது ஒரு பிட் கூட மாறாது. எம்பி3, ஏஏசி வகையறா காதுக்குத் தெரியாது என்று கணித்த பகுதிகளை வெட்டி எறிந்துவிடும். சிடி தரத்துக்கு மேலே இருப்பது ஹை-ரெஸ்: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும். 256 கிலோபிட் ஏஏசிக்கும் லாஸ்லெஸ்ஸுக்கும் வித்தியாசம் காதில் விழுமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. நல்ல ஹெட்ஃபோன் வைத்திருக்கிற பலரே கண்ணைக் கட்டிவிட்டால் திணறுவார்கள். இங்கே கேள்வி வேறு: காசு கட்டிய தரம் ஸ்பீக்கர் வரைக்கும் வருகிறதா?

மேக்

மேக் வைத்திருப்பவர் ஆப்பிள் மியூசிக்கை எடுப்பது இயல்பு. 2021 ஜூனில் லாஸ்லெஸ் வந்தபோதே கூடுதல் கட்டணம் இல்லாமல் வந்தது. மேக்கில் மேக்ஓஎஸ் 11.4 முதல் உண்டு. 24 பிட், 192 வரைக்கும் போகும். அமைப்பில் ஒரு தடவை லாஸ்லெஸ்ஸை ஆன் செய்தால் போதும்.

போதும் என்று சொன்னாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. வெளி டிஏசியை (டிஜிட்டல் பாட்டை ஹெட்ஃபோனுக்கான ஒலிச் சைகையாக மாற்றும் பெட்டி) இணைத்தால் ஐபோன் பாட்டுக்குத் தக்கபடி சாம்பிள் ரேட்டை, அதாவது மேலே சொன்ன கிலோஹெர்ட்ஸ் எண்ணை, தானாக மாற்றிக்கொள்ளும். மேக்கில் உள்ள மியூசிக் செயலி அதைச் செய்யாது. 'ஆடியோ மிடி செட்டப்' என்ற சின்ன நிரலைத் திறந்து நாமே 44.1, 96, 192 என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பாட்டு எந்த ரேட்டில் வந்தாலும் மேக் அதைக் கடைசியாக நாம் வைத்த ரேட்டுக்கு மாற்றித்தான் வெளியே தள்ளும். தன் கைப்பேசியில் செய்வதைத் தன் கணினியில் செய்யாமல் விட்டது ஆப்பிள்! இந்த எரிச்சலுக்காகவே 'லாஸ்லெஸ் ஸ்விட்ச்சர்' என்று ஒரு திறமூல நிரலை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். மெனு பாரில் உட்கார்ந்துகொண்டு அந்த வேலையைச் செய்யும்.

டைடல், கோபஸ் இரண்டின் மேக் செயலிகளுக்கும் இந்தத் தலைவலி கிடையாது. டிஏசியைத் தங்களுக்கென்று பிடித்துக்கொண்டு, பாட்டின் ரேட்டிலேயே அனுப்பும் வசதி இரண்டிலும் உண்டு. பாட்டின் தொகுப்பு, விலை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வெறும் ஒலிப்பாதையை மட்டும் பார்த்தால், மேக்கில் ஆப்பிளை விட இவை இரண்டும் மேல்.

வெளிப்பெட்டி வாங்கும் எண்ணம் இல்லாதவருக்கு ஒரு நல்ல செய்தி. 2021க்குப் பிந்தைய 14, 16 அங்குல மேக்புக் ப்ரோக்களின் ஹெட்ஃபோன் துளையே 96 கிலோஹெர்ட்ஸ் வரை எடுக்கும். அதுவே தாராளம்.

விண்டோஸ்

ஆப்பிள் மியூசிக் இங்கே தாமதமாகத்தான் வந்தது. 2021இல் மேக்குக்கு வந்த லாஸ்லெஸ் அடுத்த மாதமே ஆண்ட்ராய்டுக்குப் போனது. விண்டோஸில் ஐட்யூன்ஸ் வைத்திருந்தவர்கள் மட்டும் வாசலில் நின்றார்கள். 2023 ஜனவரியில் முன்னோட்டமாக வந்த தனிச் செயலியில்தான் அது கிடைத்தது. முழுப் பதிப்பு 2024 பிப்ரவரியில். ஆகவே இன்னும் பழைய ஐட்யூன்ஸிலேயே ஆப்பிள் மியூசிக் கேட்கிறவர் யாராவது இருந்தால், உடனே மாறிவிடுங்கள்.

விண்டோஸில் இரண்டு பாதைகள் உண்டு. சாதாரணப் பாதையில் எல்லாச் செயலிகளின் சத்தத்தையும் விண்டோஸ் ஒன்றாகக் கலந்து, சவுண்ட் அமைப்பில் குறித்திருக்கிற ஒரே ரேட்டுக்கு மாற்றி அனுப்பும். அது பெரும்பாலும் 48 ஆக இருக்கும். 44.1இல் வந்த பாட்டு வழியில் 48 ஆகிவிடும். இன்னொரு பாதை 'எக்ஸ்க்ளூசிவ்' முறை: செயலி நேராக ஒலிக்கருவியிடம் பேசும், நடுவில் கலப்பவர் யாரும் இல்லை. டைடல், கோபஸ், அமேசான் மூன்றின் விண்டோஸ் செயலிகளிலும் இது உண்டு. கோபஸில் கூடவே ஏசியோவும் உண்டு; அதுவும் விண்டோஸின் கலப்பைத் தாண்டி ஒலிக்கருவியிடம் பேசும் ஒரு முறை. ரெக்கார்டிங் வேலைக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவருக்கு அது பயன்படும். எக்ஸ்க்ளூசிவ்வைப் போட்டுவிட்டால் மற்ற எந்தச் செயலியின் சத்தமும் கேட்காது. பாட்டு ஓடும்போது வீடியோ ஊமையாக ஓடினால் கணினி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

ஸ்பாட்டிஃபை விஷயத்தில் ஒரு சுலபம் இருக்கிறது. அதன் லாஸ்லெஸ் 24 பிட், 44.1 வரைக்கும்தான். ஹை-ரெஸ் பிரியர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இது வசதியாகவே படுகிறது. விண்டோஸின் சவுண்ட் அமைப்பை 24 பிட், 44.1 என்று ஒரு தடவை வைத்துவிட்டால் ரேட் மாற்றும் தொல்லை முடிந்தது. டீசரும் 44.1தான், அதற்கும் இதே வைத்தியம். ஆப்பிள் மியூசிக் கேட்கிறவருக்கு அப்படி முடியாது. சினிமாப் பாட்டு 44.1இல் இருக்கும், அடுத்து வருகிற ஜாஸ் ஆல்பம் 96இல் இருக்கும்.

மொத்தத்தில், அடுக்கடுக்காக அமைப்புகளைக் கிளறப் பொறுமை உள்ளவருக்கு மூன்று தளங்களில் விண்டோஸ்தான் அதிகம் கொடுக்கிறது. ஆப்பிள்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

லினக்ஸ்

இங்கேதான் கதை சுவாரசியம்.

ஆப்பிள் மியூசிக்குக்கு லினக்ஸ் செயலி கிடையாது. உலாவியில் கேட்கலாம், ஆனால் வலைப்பதிப்பில் லாஸ்லெஸ் இல்லை, 256 ஏஏசிதான். இதை உபுண்டுவில் கேட்டாலும் சரி, ஒன்றரை லட்ச ரூபாய் மேக்கில் குரோமைத் திறந்து கேட்டாலும் சரி, கிடைப்பது அதேதான். சைடர் என்ற மூன்றாம் தரப்புச் செயலி பார்வைக்கு அழகாக இருக்கும், பாடல் வரிகள் எல்லாம் காட்டும். அதுவும் ஆப்பிள் வெளியாருக்குத் திறந்து வைத்திருக்கிற அதே 256 வாசல் வழியாகத்தான் போகிறது. அமேசானுக்கும் லினக்ஸ் செயலி இல்லை. ஸ்பாட்டிஃபைக்கு லினக்ஸ் செயலி உண்டு, ஆனால் அது அங்குள்ள பொறியாளர்கள் ஆசைக்குப் பராமரிப்பது. அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது என்று நிறுவனமே சொல்கிறது. அதை நம்பி லாஸ்லெஸ்ஸுக்குக் காசு கட்டுவதானால் ஒரு மாதம் மட்டும் கட்டி, அமைப்பில் அந்தத் தேர்வு வருகிறதா, பாட்டு ஓடும்போது லாஸ்லெஸ் என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

கோபஸ் வேறு ஜாதி. 2007இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம். லினக்ஸ் செயலி அதற்கும் இல்லை. ஆனால் அதன் வலைப்பதிப்பிலேயே ஹை-ரெஸ் வரைக்கும் கிடைக்கிறது. டைடலும் டீசரும் உலாவியிலேயே லாஸ்லெஸ் கொடுக்கின்றன. டைடலுக்கு லினக்ஸ் ஆர்வலர்கள் எழுதிய 'டைடல்-ஹைஃபை', 'ஹை டைட்' போன்ற செயலிகளும் உண்டு. ஸ்ட்ராபெரி என்ற பாட்டுப் பெட்டிக்குள் டைடல், கோபஸ் இரண்டையும் இணைக்கலாம். இவை எதுவும் நிறுவனம் தந்ததல்ல. அங்கே ஏதாவது ஒன்றை மாற்றினால் இங்கே ஒருநாள் காலையில் ஓடாமல் நிற்கும். அதற்குத் தயாராக இருங்கள்.

உலாவியில் கேட்பதில் இன்னொரு நுணுக்கம். குரோம் தனக்கு வரும் ஒலியைக் கணினியின் ரேட்டுக்குத் தானே மாற்றித்தான் வெளியே விடும். இப்போது பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளில் ஒலியைக் கவனிப்பது பைப்வயர். அதன் இயல்பு ரேட் 48. அதன் அமைப்புக் கோப்பில் அனுமதிக்கப்பட்ட ரேட்டுகளின் பட்டியலில் 44.1, 96, 192 எல்லாவற்றையும் சேர்த்தால், தனிச் செயலிகளுக்காகப் பைப்வயர் ரேட்டை மாற்றிக் கொடுக்கும். உலாவிக்கு இது உதவாது; இயல்பு ரேட்டையே 44.1 ஆக்குவதுதான் வழி. ஹை-ரெஸ்ஸை மறந்துவிட்டுச் சிடி தரத்தோடு திருப்தி அடைகிறவருக்கு இதற்கு மேல் வேலை இல்லை.

சரி, அப்படியானால் லினக்ஸ்காரர் கோபஸோ டைடலோ எடுத்துவிட்டுப் போகலாமே? லண்டனிலோ டொராண்டோவிலோ இருந்தால் இரண்டும் கிடைக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டைடல் கிடைக்கும். சென்னையில் இருந்தால் இரண்டுமே கிடையாது. இரண்டு நிறுவனங்களும் இந்தியாவில் சேவை தொடங்கவில்லை. லினக்ஸை மதிக்கிற சேவைகள் இந்தியாவுக்கு வரவில்லை, இந்தியாவுக்கு வந்தவை லினக்ஸை மதிக்கவில்லை. ஜியோசாவ்ன் போன்ற உள்ளூர்ச் சேவைகள் 320 கிலோபிட்டோடு நின்றுவிட்டன. யூடியூப் மியூசிக் 256ஐத் தாண்டவில்லை. வேறு நாட்டு முகவரியும் விபிஎன்னும் வைத்துச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டுகிற கார்டு எந்த நாட்டுடையது என்ற கேள்வி வரும்போது மாட்டிக்கொள்வார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விலை, டேட்டா

வெளிநாடுகள் பலவற்றில் சாதாரண ஸ்பாட்டிஃபை பிரீமியத்திலேயே லாஸ்லெஸ் அடங்கும். இந்தியாவில் 2025 நவம்பரில் சந்தாவை லைட் 139, ஸ்டாண்டர்ட் 199, பிளாட்டினம் 299 ரூபாய் என்று மூன்றாகப் பிரித்தார்கள். லாஸ்லெஸ் கடைசியில் மட்டும்தான். ஆப்பிளில் இப்படிப் படிக்கட்டு கிடையாது. ஆகவே மேக்கோ விண்டோஸோ வைத்திருக்கும் இந்திய வாசகருக்கு என் ஓட்டு ஆப்பிள் மியூசிக்குக்கே, ரேட் மாற்றும் தொல்லையோடு சேர்த்து. ஸ்பாட்டிஃபையின் பரிந்துரைப் பட்டியல்கள் இல்லாமல் இருக்க முடியாது என்பவர்கள் மட்டும் 299ஐ யோசிக்கலாம்.

டேட்டாவையும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் கொடுக்கும் கணக்குப்படி 10 ஜிபியில் சாதாரணத் தரத்தில் சுமார் 3,000 பாட்டு அடங்கும். லாஸ்லெஸ்ஸில் 1,000, ஹை-ரெஸ்ஸில் 200. வீட்டு ஃபைபரில் இது ஒரு பொருட்டே இல்லை. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை ஓட்டுகிறவர் ஹை-ரெஸ்ஸை அணைத்து வைப்பது நல்லது.

அப்புறம், இத்தனையும் செய்துவிட்டுச் சாதாரண புளூடூத் ஹெட்ஃபோனைப் போட்டால் எல்லாம் வீண். எஸ்பிசி, ஏஏசி எல்லாமே வெட்டிச் சுருக்கி அனுப்புபவை. 990 கிலோபிட் போகும் எல்டாக் என்ற புளூடூத் முறை கூட லாஸ்லெஸ் அல்ல. வயர் வேண்டும். மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளையில் இரைச்சல் கேட்டால், ஆப்பிள் விற்கும் சின்ன யுஎஸ்பி-சி டாங்கிளே 24 பிட், 48 வரை கொடுக்கும். சி போர்ட் உள்ள விண்டோஸ், லினக்ஸ் மடிக்கணினிகளிலும் வேலை செய்யும். பெரிய டிஏசிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு முன் இதை முயன்று பாருங்கள்.

இந்திய லினக்ஸ்காரருக்கு மிச்சம் இருப்பது பழைய வழி: அலமாரியில் கிடக்கும் சிடிகள். யுஎஸ்பி சிடி டிரைவ் ஒன்று வாங்கி, சிடிபாரனோயா போன்ற நிரலால் பாட்டுகளைப் பிரித்து ஃப்ளாக்காக்கி ஸ்ட்ராபெரியில் போட்டுவிட்டால், மேலே சொன்ன பட்டியலில் 44.1ஐச் சேர்த்திருக்கும்வரை, பைப்வயர் 44.1க்கு மாறி அப்படியே அனுப்பும். சந்தா இல்லை, நாடு பார்க்கும் கதவும் இல்லை. எடுக்கும்போது ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஆண்டு, இசையமைப்பாளர், பாடகர் பெயர்களை அப்போதே நிரப்பிவிடுங்கள். 'ட்ராக் 01' என்று நூறு கோப்புகள் சேர்ந்தபிறகு அந்த வேலையை யாரும் செய்வதில்லை.