கூப்பிடவும், வாறன் எண்டவும், வரேலாது எண்டவும் பழக்கிற ஒரு இங்கிலிஷ் கிளாஸ் - என்ர ரிவியூ

யாழ்ப்பாண ரவுணுக்குள்ள எந்த மதிலைப் பாத்தாலும் ஸ்போக்கன் இங்கிலிஷ் நோட்டிஸ் தான், அதில கனக்க முப்பது நாளில சரளமா கதைக்கலாம் எண்டு தான் போட்டிருக்கும். நான் போன கிளாஸ் அப்பிடி ஒண்டும் சொல்லேல்ல. நல்லூர் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில நடக்குது, ஒரு ரீச்சர், ஒரு வெள்ளைப் பலகை, பிளாஸ்ரிக் கதிரையள், அவ்வளவு தான். ரீச்சருக்கு விளம்பரம் விருப்பமில்லை, அதால பேரைப் போடாமல் எழுதுறன். முழுக் கோர்ஸும் நல்லது எண்டாலும் நான் முக்கியமா எழுத வந்தது அதில வாற ஒரு பகுதியைப் பற்றி, ஒருத்தரை இங்கிலிஷில ஒரு இடத்துக்குக் கூப்பிடுறது, கூப்பிட்டால் வாறன் எண்டு சொல்லுறது, வரேலாட்டி அவையின்ர மனம் நோகாமல் சொல்லுறது. வேற கிளாஸுகளில இதுக்கு ஒரு போட்டோகொப்பி தாளைத் தந்திட்டு பாடமாக்குங்கோ எண்டுவினம், இஞ்ச இதுக்கெண்டே கிழமைக் கணக்கில மினக்கெடுகினம்.

எங்கட ஊருக்கு இங்கிலிஷ் புதுசில்ல, 1823 இல வட்டுக்கோட்டையில அமெரிக்க மிஷன்காரர் இங்கிலிஷில படிப்பிச்ச செமினரி தொடங்கினது, அடுத்த வருசமே உடுவிலில பெம்பிளைப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது, கிரமர் கேட்டால் இண்டைக்கும் எங்கட ஆக்கள் வெளுத்து வாங்குவினம். ஆனா கனடாவில இருந்து வந்த மச்சாளின்ர மருமகன், தமிழ் தெரியாத பெடியன், வாசலில நிண்டு நாளைக்கு எங்களோட சாப்பிட வாங்கோ எண்டு கேட்டால் அதே கிரமர் புலியள் ஓகே ஓகே எண்டு தலையாட்டிட்டு உள்ளுக்க போயிடுவினம், போறதோ இல்லையோ எண்டு அவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. ஒபிஸிலயும் இப்பிடித் தான். கொழும்பில இருந்து வந்த சேர் எல்லாருக்கும் டின்னர் எண்டு மெசேஜ் போட்டால் பாதிப் பேர் ப்ளூ டிக்கோட நிப்பினம். மரியாதை தெரியாத சனமில்ல இது, தமிழில எண்டால் ஒரு கலியாணம் சொல்ல வீடு வீடா ஏறி இறங்கி, குங்குமம் சந்தனம் குடுத்து, ரீ குடிச்சு, எல்லாரையும் சுகம் விசாரிச்சிட்டுத் தான் வருவினம். அந்த மரியாதையை மற்ற பாசையில எப்பிடிக் காட்டுறது எண்டு ஆரும் சொல்லித் தரேல்ல. இந்த ரீச்சர் சொல்லித் தாறா.

முதல் கூப்பிடுறது. ஃபிரண்ட்ஸுக்குள்ள டூ யூ வோன்ட் டு கம் எண்டால் சரி, கொஞ்சம் தூரத்து ஆக்களுக்கு வுட் யூ லைக் டு கம், இன்னும் மரியாதையா எண்டால் ஐ வொஸ் வொண்டரிங் இஃப் யூட் லைக் டு ஜொயின் அஸ். இப்ப கேக்கிற விசயத்தை ஏன் இறந்தகாலத்தில சொல்லுறம் எண்டு ஒரு தம்பி கேட்டான். வினையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் வற்புறுத்தல் குறையும், கேக்கிற ஆளுக்கு மறுக்க இடம் இருக்கும் எண்டு ரீச்சர் சொன்னா. எங்கட வழக்கம் நேர் எதிர், கட்டாயம் வரவேணும், வராட்டி பேந்து உங்கட வாசல்படி மிதிக்க மாட்டன் எண்டு சொன்னால் தான் எங்களுக்கு மனதாரக் கூப்பிட்ட மாதிரி இருக்கும். இங்கிலிஷ்காரரை அப்பிடி ரெண்டு மூண்டு தரம் நெருக்கினால் அந்தரப்படுவினம். ஒருக்கா வடிவாக் கேட்டு, இஃப் யூ ஆர் ஃப்ரீ எண்டு ஒரு கதவைத் திறந்து விட்டிட்டு, நாளையும் நேரத்தையும் இடத்தையும் சொல்லவேணும். நாளும் நேரமும் இல்லாமல் வீ ஷுட் மீற் அப் சம்ரைம் எண்டு ஒருத்தர் சொன்னால் அது பெரும்பாலும் அன்பான கதை மட்டும் தான், அதை நம்பி வெளிக்கிட்டுப் போகக் கூடாது எண்டதையும் சொல்லித் தந்தவ. வெளிநாட்டுக்குப் போற ஆக்களுக்கு இது சரியான பிரயோசனம்.

இனி மறுக்கிறது. காசு குடுத்ததுக்கு இந்த ஒரு பகுதியே காணும் எண்டு நான் நினைக்கிறன், அவ்வளவு நல்லாப் படிப்பிக்கிறா. ஒரு ரோல் பிளே நல்ல ஞாபகம், எங்களோட படிச்ச ஒரு ரிட்டயர்ட் அன்ரி, மகளிட்ட லண்டன் போகப் போறவ. மகளின்ர பக்கத்து வீட்டுக்காரி ஞாயிற்றுக்கிழமை லஞ்சுக்குக் கூப்பிடுறா, அன்ரிக்குப் போகேலாது, அது தான் சீன். அன்ரி தொடங்கினா, சொறி சொறி, மை லெக் இஸ் பெயினிங், ஓல்ஸோ மை சன் இன் லோ இஸ் நொட் அற் ஹோம், ஓல்ஸோ சண்டே கோயில்... ரீச்சர் கையைக் காட்டி மறிச்சிட்டா. "அம்மா, ஒரு காரணம் காணும். மூண்டு சொன்னால் ரெண்டை அவை தீர்த்து வைப்பினம். கால் நோகுதெண்டால் கார் அனுப்புறன் எண்டுவினம், மருமகன் இல்லை எண்டால் நானே வந்து ஏத்துறன் எண்டுவினம், பேந்து நீங்கள் என்ன சொல்லுவியள்?" அன்ரி கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "அது சரி பிள்ளை" எண்டா. பேந்து ரீச்சர் பலகையில ஒழுங்கை எழுதினா, முதல் நன்றி, பேந்து வரேலாது எண்டது, விருப்பமெண்டால் ஒரேயொரு சின்னக் காரணம், கடைசியா நல்லா நடக்கட்டும் எண்டு ஒரு வாழ்த்து. அன்ரி திரும்பத் திரும்பச் சொல்லி கடைசியில தாளைப் பாக்காமலே சொன்னா, தாங்க் யூ சோ மச் ஃபோர் ஆஸ்கிங் மீ, ஐட் லவ் டு, பட் ஐம் அஃப்ரெய்ட் ஐ காண்ட் மேக் இற் திஸ் சண்டே, ஐ ஹோப் யூ ஓல் ஹாவ் எ லவ்லி ரைம். எவ்வளவு வடிவா இருந்தது தெரியுமோ, அந்த அன்ரி ஊரில ஆரிட்டயும் கதைக்கிற அதே பக்குவம் அதிலயும் இருந்தது.

காரணம் கட்டாயம் சொல்லத் தேவையில்லை எண்டதும் எங்களுக்குப் பழக வேண்டிய ஒண்டு. இஞ்ச வரேலாது எண்டால் உடன என்ன அலுவல் எண்டு கேப்பினம், கேக்காட்டி தான் அக்கறை இல்லை எண்டு நினைப்பம். இங்கிலிஷில ஐ ஹாவ் அனதர் கமிற்மென்ற் எண்டு சொன்னால் காணும், அதுக்கு மேல தோண்டுறது தான் மரியாதைக் குறைவு. மேபி அனதர் ரைம் எண்டதையும் சும்மா வால் மாதிரி ஒட்ட வேண்டாம் எண்டு ரீச்சர் கண்டிப்பாச் சொன்னவ. உண்மையில வேற நாள் போக விருப்பமெண்டால் நாளைச் சொல்லிக் கேளுங்கோ, ஹவ் எபவுட் நெக்ஸ்ற் சற்றடே எண்டு. விருப்பமே இல்லை எண்டால் அந்தச் சொல்லை விடுங்கோ, விட்டால் தான் அவை திரும்பக் கேக்க மாட்டினம். வேலைக்குப் போற பிள்ளையளுக்கு இது எவ்வளவு முக்கியம் எண்டு நான் சொல்லத் தேவையில்லை, வேலை முடிஞ்சு கோப்பி குடிக்க வாறீரோ எண்டு ஒருத்தர் கேக்கேக்க, போக விருப்பமில்லாத பிள்ளை தாங்க்ஸ், பட் ஐட் ராதர் நொட் எண்டு நிமிர்ந்து சொல்லப் பழகவேணும், அது திமிரில்ல. ரீச்சர் எல்லாப் பிள்ளையளையும் எழும்பி நிண்டு சத்தமாச் சொல்ல வச்சவ, அதுக்காகவே நான் அவவை மதிக்கிறன்.

ஒரு பிள்ளை ரொறொன்ரோவில நடக்கப் போற ஒரு கலியாணத்தின்ர கார்ட்டை ஃபோனில காட்டினா, அடியில ஆர்.எஸ்.வி.பி. எண்டு போட்டு ஒரு திகதியும் இருந்தது. அது பிரெஞ்சு, ரெபோந்தே சில் வூ ப்ளே, தயவுசெய்து பதில் சொல்லுங்கோ எண்டது தான். அந்தத் திகதிக்குள்ள ஏன் சொல்லவேணும் எண்டதை ரீச்சர் விளங்கப்படுத்தின விதம் தான் திறம். எங்கட பக்கம் நூறு பேருக்குச் சொன்னால் நூற்றைம்பது பேருக்குச் சமைப்பம், ஆர் வந்தாலும் இலை போடலாம், மிஞ்சினால் அயலுக்குக் குடுக்கலாம். அங்க ஹோல்காரன் தலைக்கு இவ்வளவு எண்டு காசு வாங்குவான், மேசையில ஒவ்வொருத்தருக்கும் பேர் எழுதி வச்சிருக்கும், வாறன் எண்டு சொல்லிப் போட்டுப் போகாட்டி அந்தச் சாப்பாட்டுக் காசு பொம்பிளை மாப்பிளையின்ர கையால போகும், சொல்லாமல் போய் நிண்டால் இருக்கக் கதிரை இருக்காது. கார்ட்டில பேர் போட்டிருக்கிற ஆக்களுக்குத் தான் அழைப்பு, எங்கட குடும்ப சகிதம் இல்ல அது, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் முதல் கேக்கவேணும். ரெக்ரெற்ஸ் ஒன்லி எண்டு போட்டிருந்தால் வராத ஆக்கள் மட்டும் அறிவிச்சால் காணும். இதுக்குள்ள தான் வரப் பாக்கிறம் எண்ட எங்கட பதிலும் வந்தது, ஐல் ட்ரை எண்டு நழுவுற ஆக்கள் இங்கிலிஷ்காரரிலயும் இருக்கினம் தான், ஆனா தட்டு எண்ணிக்கொண்டிருக்கிற வீட்டுக்கு ஓமோ இல்லையோ எண்ட பதில் தான் உதவி. இதைக் கேட்டாப் பிறகு எங்கட வகுப்பில இருந்த ஒரு அண்ணை அந்த இடத்திலயே ஃபோனை எடுத்து ஆருக்கோ பதில் போட்டார்.

வாறன் எண்டு சொல்லுறது லேசு, அதை ரீச்சரும் கெதியா முடிச்சிட்டா. தாங்க் யூ, ஐட் லவ் டு கம், எத்தினை மணிக்கு, நான் ஏதும் கொண்டு வரட்டோ, அவ்வளவு தான். ஏழு மணி டின்னர் எண்டால் ஏழுக்கு முந்திப் போய் நிக்க வேண்டாம், அவை உடுப்பு மாத்திக்கொண்டு நிப்பினம், அஞ்சு பத்து நிமிசம் பிந்திப் போனால் நல்லது. வாறன் எண்டு சொன்னாப் பிறகு போகேலாமல் வந்தால் தெரிஞ்ச உடனயே சொல்லிப் போடுங்கோ, மெசேஜை விட கோல் எடுக்கிறது மரியாதை.

சாப்பாட்டு மேசையையும் ஒரு நாள் எடுத்தவ, இது நான் எதிர்பாக்கேல்ல. எங்கட வீடுகளில காணும் காணும் எண்டு கையால மறைச்சாலும் இன்னொரு அகப்பை சோறு விழும், அது தெரிஞ்சு முதல் தரம் வேண்டாம் எண்டு தான் நாங்கள் எல்லாரும் சொல்லுறது. அங்க முதல் தரம் நோ தாங்க்ஸ் எண்டால் சட்டியை எடுத்துக்கொண்டு போயிடுவினம், பசியோட வீட்டை வரவேண்டியது தான். அதால வேணுமெண்டால் யெஸ் பிளீஸ் எண்டு உடன சொல்லுங்கோ, வேண்டாமெண்டால் இற் வொஸ் டிலிஷஸ், பட் ஐம் ஃபுல், தாங்க் யூ.

குறை இல்லாமல் இல்ல. தாற தாளில அமெரிக்கன் இங்கிலிஷும் பிரித்தானிய இங்கிலிஷும் கலந்து கிடக்குது, எது எங்க பாவிக்கிறது எண்டு போடேல்ல. கான் ஐ டேக் எ ரெயின் செக் எண்டு ஒண்டு இருக்குது, இந்த முறை ஏலாது, வேற ஒரு நாள் கூப்பிடுங்கோ எண்ட மாதிரி, அமெரிக்காவில பேஸ்போல் மச் மழையால நிண்டால் வேற நாள் வந்து பாக்கக் குடுக்கிற துண்டில இருந்து வந்தது. லண்டன் பக்கம் அது அவ்வளவா புழக்கத்தில இல்ல, லண்டன் போற அன்ரிமார் அதைப் பாடமாக்கி என்ன பிரயோசனம். அடுத்தது எழுத்து. கலியாண கார்ட்டுகளில ரிக்குவெஸ்ற் த ப்ளெஷர் ஒஃப் யுவர் கொம்பனி எண்டு வரும், அப்பிடியான கார்ட்டுக்குப் பதில் எழுதேக்க நான், நாங்கள் எண்டு எழுதாமல் மிஸ்ரர் அன்ட் மிஸிஸ் இன்னார் அழைப்புக்கு நன்றி சொல்லீனம், மகிழ்ச்சியோட ஏற்கீனம் எண்டு படர்க்கையில எழுதுறது தான் பழைய முறை, அதை ரீச்சர் தொடவே இல்ல. ஒரு வகுப்பு போட்டிருக்கலாம். வகுப்பில ஆக்களும் கனக்க, பின்வரிசையில இருந்தால் ரோல் பிளே முறை வர வெகு நேரம், பின்னேர வெயிலுக்கு விறாந்தையில இருக்கிற ஒரு ஃபான் காணாது.

ஆனா ஒரு வேலை செய்யிறா, வேற இடத்தில நான் காணேல்ல. வீட்டை போய் வட்ஸ்அப்பில ஒரு வொய்ஸ் அனுப்பவேணும், ஒருத்தரைக் கூப்பிட்டு, அல்லது ஒரு அழைப்பை மறுத்து. ரீச்சர் ஒவ்வொண்டையும் கேட்டு ஒவ்வொருத்தருக்கும் தனியா வொய்ஸிலயே பதில் அனுப்புவா, சொல் பிழையை விட குரலைத் தான் கனக்கப் பாப்பா, இந்த இடத்தில குரல் இறங்கிட்டுது, கோவம் மாதிரிக் கேக்குது, பட் எண்டதுக்கு முதல் கொஞ்சம் நிப்பாட்டிச் சொல்லுங்கோ எண்டு. இதுக்கு எவ்வளவு நேரம் போகும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

மாதம் 4000 ரூபா, சனி ஞாயிறு பின்னேரம். வெளிநாடு போக எழுதுற ஐ.ஈ.எல்.ரி.எஸ். இங்கிலிஷ் சோதினையில மார்க்ஸ் எடுக்கவெண்டு வாற பிள்ளையளுக்கு இது சரிவராது, அதுக்கு வேற இடம் பாருங்கோ. பிள்ளையளிட்ட வெளிநாடு போற அம்மா அப்பாமார், கெஸ்ற் ஹவுஸ், ஹோட்டலில வேலை செய்யிறவை, கொழும்பு ஆக்களோட வேலை செய்யிற பிள்ளையள், இவை யோசிக்காமல் சேரலாம். நல்லூர் திருவிழா 25 நாளும் அந்தப் பக்க ரோட்டுகள் பூட்டு, கிளாஸும் இல்ல, அதுக்கு முந்திச் சேருறது நல்லது, ஏனெண்டால் வெளிநாட்டுச் சனம் முழுக்க வந்து இறங்கி ஆளையாள் கூப்பிடுறதும் அந்த நேரத்தில தான். சேருற ஆக்கள் வீட்டில கிடக்கிற இங்கிலிஷ் கலியாண கார்ட் ஒண்டைக் கையோட கொண்டு போங்கோ, அந்தப் பதில் எழுதுற முறையையும் கேளுங்கோ, கேட்டால் ரீச்சர் இருந்து சொல்லித் தருவா.